ஏழாம் மன்றாட்டு

பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகல் வழிபாட்டில் பாடுகளின் வரலாறு வாசித்து முடிந்ததும், சிலுவை ஆராதனைக்கு முன்னால் பத்து மன்றாட்டுகள் வருகின்றன. திருச்சபைக்கு ஒன்று, திருத்தந்தைக்கு ஒன்று, திருமுழுக்குப் பெறக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று என்று போகும் வரிசையில் ஆறாவது யூத மக்களுக்கு. ஏழாவது கிறிஸ்துவை நம்பாதவர்களுக்கு. எட்டாவது கடவுளையே நம்பாதவர்களுக்கு. காலையிலிருந்து ஒருசந்தி வயிறு, செங்கல்பட்டு வெயில், ஆள் நெரிசல். ‘முழந்தாள்படியிடுவோம்’, ‘எழுந்திருங்கள்’ என்று மாறி மாறிச் சொல்வதைக் கேட்டு நாலாவது வரை ஒழுங்காகச் செய்கிறோம். ஏழாவது வரும்போது பாதிப் பேர் பெஞ்சில் சாய்ந்தாகிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை, நம் அக்கம்பக்கத்தில் வாழும் ஆகப் பெரும்பாலான மனிதர்களுக்காகத் திருச்சபை மண்டியிடச் சொல்லும் ஒரே நேரத்தில், நமக்குக் கால் வலிக்கிறது.

நாம் என்று இங்கே சொல்வது செங்கல்பட்டிலிருந்து கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை வாழும் கிறிஸ்தவர்கள் எல்லாரையும்தான். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று பிரிந்து நிற்கிறோம். இந்த ஒரு குற்றத்தில் மட்டும் ஐக்கியமாக இருக்கிறோம்.

மண்டியிடுவதற்கு ஒரு வரலாறு உண்டு. பழைய இலத்தீன் முறையில் மற்ற மன்றாட்டுகளுக்கெல்லாம் மண்டியிட்ட மக்கள், யூதர்களுக்கான மன்றாட்டுக்கு மட்டும் பல நூற்றாண்டுகளாக மண்டியிடவில்லை. ஜெபம் உண்டு, முழந்தாள் கிடையாது. 1955-ல் 12-ஆம் பத்திநாதர் அதை மாற்றி அவர்களுக்காகவும் மண்டியிட வைத்தார். 1959-ல் 23-ஆம் யோவான் அந்த ஜெபத்தில் யூதரை இழித்துப் பேசிய சொல்லை நீக்கினார். 1970-ல் வந்த திருப்பலி நூலில் ஜெபமே புதிதாக எழுதப்பட்டது. இந்த மாற்றங்களுக்கு முன்பே ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். ஆங்கிலிக்கர்களின் 1662 ஜெபப் புத்தகத்தில் யூதர், துருக்கர், அவிசுவாசிகள், பதிதர் எல்லாரையும் ஒரே மூச்சில் கட்டி வைத்த பெரிய வெள்ளி ஜெபம் ஒன்று உண்டு. பிறருக்காக ஜெபிக்கும்போதே அவர்களை அவமதிக்க முடியும் என்பதைத் திருச்சபை உணர இவ்வளவு காலம் ஆயிற்று. நாம் இன்னும் உணர்ந்தபாடில்லை.

நம் வழக்கமான ஜெபங்களைக் கொஞ்சம் கேட்டுப் பார்ப்போம். ஞாயிறு மன்றாட்டில் நம் நோயாளிகள், நம் பிள்ளைகளின் தேர்வு, நம் பங்குத் திருவிழா நல்லபடியாக நடக்க வேண்டும் என்பது, நாட்டுத் தலைவர்களுக்காக ஒரு வரி. பக்கத்துத் தெரு அதில் இல்லை. இருந்தால் வேறொரு விதத்தில் இருக்கும். ஊர்களைப் பின்கோடு வாரியாகப் பிரித்துக்கொண்டு, இன்ன ஊரில் இத்தனை பேர் இரட்சிக்கப்படாதவர்கள் என்று கணக்கு வைத்து உபவாசம் இருக்கிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேனில் வந்து இறங்கி, மாமல்லபுரத்துத் தெருக்களில் நடந்தபடியே இந்த ஊரின் ஆவிகளைக் கட்டுகிறோம் என்று ஜெபிக்கிற குழுக்கள் உண்டு. அதே தெருவில் பட்டறைத் தகரத்தின் கீழ் காலையிலிருந்து கல்தூசியை மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கிற சிற்பியின் நுரையீரலுக்காக அந்தக் குழு ஜெபித்ததுண்டா? அவரிடம் போய், ‘என்ன அண்ணே, இருமல் விடாமல் இருக்கிறதே’ என்று கேட்டிருந்தால் அல்லவா அதற்காக ஜெபிக்கத் தோன்றும்!

இதற்கு ஒரு பதில் உண்டு, நேர்மையான பதில்தான். விசுவாசத்தைப் பெரும் செல்வமாக நினைப்பவன் அயலானுக்கும் அது கிடைக்கட்டும் என்று வேண்டாமல் எப்படி இருப்பான்? அப்படி வேண்டாவிட்டால்தானே அவன் மீது அக்கறை இல்லை என்று ஆகும்? சரி. அந்த ஆசையை யாரும் விட வேண்டியதில்லை. ஆனால் இருபது ஆண்டுகளாக ஒரு குடும்பத்துக்காக ஜெபிக்கிறோம் என்கிறோம், அந்த இருபது ஆண்டுகளில் அந்த வீட்டில் யாருக்கு வேலை போயிற்று, எந்தப் பெண் வாழாமல் திரும்பி வந்தாள், எவ்வளவு வட்டி கட்டுகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ஒரே ஒரு விண்ணப்பத்தைத்தான் மறுபடி மறுபடி வைத்தோம்: அவர்கள் நம்மைப் போல் ஆக வேண்டும். அது நிறைவேறாதவரை அவர்களுடைய மற்றத் தேவைகள் நம் கணக்கில் வரவே இல்லை.

மாசிப் பௌர்ணமி இரவில் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனவர்களுக்கு இது இன்னும் தெளிவாகப் புரியும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கங்களிலிருந்து இருளர் பழங்குடியினர் குடும்பம் குடும்பமாக வந்து கூடுகிறார்கள். கம்பு நட்டுச் சேலையும் தார்ப்பாயும் கட்டிய குடிசைகளில், கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்து மணலில் இரவெல்லாம் தங்குகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட கன்னியம்மனைச் சமாதானம் செய்து அழைத்து வர வந்தோம் என்பது அவர்கள் சொல்லும் கதை. விடியும்போது ஈர மணலில் கன்னிமாருக்குப் படி கட்டி, பூவும் பழமும் வைத்துக் கும்பிடுகிறார்கள். பிள்ளைக்குப் பேர் வைப்பதும் காது குத்துவதும் பெண் பேசுவதும் தாலி கட்டுவதும் அங்கேயே நடக்கும்.

பெரும்பாலான ஆண்டுகளில் அந்தப் பௌர்ணமி நம் தவக்காலத்துக்குள் வருகிறது. நாம் சிலுவைப் பாதை சொல்லி, இறைச்சி விட்டு, தர்மத்துக்கென்று உண்டியல் வைத்திருக்கும் வாரங்கள் அவை. ஓர் இனமே ஒரு இரவு நம் வாசலில் வந்து தங்கிக் கடவுளைக் கூப்பிடுகிறது. நம்மில் பலருக்கு அது என்ன கூட்டம் என்றே தெரியாது. தெரிந்த சிலர் கைப்பிரதிகளோடு போனோம்.

அந்த மணலில் அவர்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்று நாம் அறிந்துகொண்டிருக்கலாம். சாதிச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளையின் படிப்பு நிற்கிறது. குடிசை போட்ட இடத்துக்குப் பட்டா இல்லை. அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணம் வாங்கிய குடும்பம் வெளியே வர முடியவில்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்தும் இந்த வட மாவட்டங்களில் மீட்கப்பட்டவர்களில் இருளர் இவ்வளவு பேர் இருப்பது தற்செயல் இல்லை. மீட்ட அமைப்புகளில் கிறிஸ்தவ அமைப்புகளும் உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் செய்ததை நாம் செய்ததாகக் கணக்கெழுதிக்கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து பாம்புத்தோல் வியாபாரம் நின்றதும் பிழைப்பு போன இருளர்களுக்காக 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இவற்றின் விஷத்தை எடுத்து, பாம்பையும் மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் மருந்துக் கம்பெனிகள் விஷமுறிவு மருந்தைத் தயாரிக்கின்றன. இந்தியா முழுவதுக்கும் பெரும்பங்கு இங்கிருந்தே போய் வந்திருக்கிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். வயலில் கடிபட்ட கிறிஸ்தவனை மிஷன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்து, சுற்றி நின்று ஜெபிக்கிறோம். பிழைத்ததும் சாட்சி சொல்கிறோம். ஊசியில் ஏறியது எந்தக் கன்னியம்மன் பக்தன் கையால் பிடித்த பாம்பின் விஷமோ, அவனுக்காக நன்றி ஜெபம் சொன்ன சாட்சிக் கூட்டம் ஒன்றும் என் காதில் விழுந்ததில்லை.

எப்போதும் நாம் இப்படித்தான் இருந்தோம் என்று சொன்னால் பொய். இதே செங்கல்பட்டில் வேறு மாதிரி நடந்தது. 1880-களின் இறுதியில் ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச் மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ இங்கே சேரிகளில் நடந்தபோது ஒன்றைக் கவனித்தார்: மிராசுதாரர் நினைத்தால் பறையர் குடும்பத்தைக் குடியிருக்கும் மனையிலிருந்தே எழுப்பிவிட முடியும். தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் மிராசுப் பாத்தியம் குறுக்கே வரும். அவர் புள்ளிவிவரம் திரட்டினார், மனுக்கள் எழுதினார், அரசை நச்சரித்தார். திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கூடி அதே வேலையில் இறங்கினார். கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-ல் செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றிய தம் அறிக்கையை அனுப்பினார். 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வதன் தொடக்கம் அதுதான். கொடுத்த நிலம் அந்த மக்களை விட்டு வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையும் அதோடு சேர்ந்து வந்தது. தமிழகம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது நில உரிமை இயக்கத்தார் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

மிஷனரிகளின் நோக்கம் கலப்படமில்லாதது என்று நான் வாதாடப் போவதில்லை. மதம் மாறுவார்கள் என்ற எதிர்பார்ப்பு அவர்களுக்கு இருந்தது. சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்து மெல்ரோசாபுரம் போன்ற கிறிஸ்தவக் குடியிருப்புகளும் எழுந்தன. ஆனால் அரசாணை ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியவர்களுக்கும் அந்த நிலம் போயிற்று. கேட்டவர்கள் எல்லாருக்குமாகத்தான் கேட்டார்கள். திருமணியில் ஸ்காட்லாந்து மிஷன் நடத்திய லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையும் அப்படித்தான். ராபர்ட் காக்ரேன் அங்கே தலைமை வகித்த காலத்தில் தொழுநோய் மருத்துவத்துக்காக உலகமே திருமணியைப் பார்த்தது. வீட்டார் துரத்திய நோயாளி எந்தச் சாமியைக் கும்பிட்டவர் என்பது அனுமதிச் சீட்டில் முக்கியமாக இருந்ததில்லை. 1955-ல் மத்திய அரசு அதை ஏற்று மத்திய தொழுநோய் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாக்கியது.

அப்புறம் நாம் என்ன செய்தோம்? பள்ளி மணியும் கல்லூரிச் சேர்க்கையும் ஆண்டுவிழா மலரும் நமக்குப் போதுமாகிவிட்டது. நிலத்தை யார் யாரோ எழுதி வாங்கினார்கள். 1994-ல் காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் ஜான் தாமஸ், இன்னொருவர் ஏழுமலை. சில குருக்கள் அந்தப் போராட்டத்தோடு நின்றார்கள், அது உண்மை. ஆனால் இன்று ஞாயிறு பூசைக்கு வருகிற நம் இளைஞர்களிடம் அந்த இரண்டு பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். யாரென்று கேட்பார்கள். நாம் கேட்டுப் பெற்றுக் கொடுத்த நிலம் அது என்று பெருமை பேசத் தெரிந்த நமக்கு, அந்த நிலத்துக்காகச் செத்த ஏழுமலையின் பெயரை நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளில் சொல்லத் தோன்றவில்லை. அவர் நம் கல்லறையில் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் காலை. கடல் உள்வாங்கி, மாமல்லபுரத்தில் அதுவரை கண்டிராத கற்கள் தெரிந்ததாக எல்லாரும் பேசிக்கொண்ட அந்தக் காலையில் கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், கோவளம் வரை சுனாமியில் குப்பங்கள் போயின. தமிழகத்தில் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். அந்த வாரங்களில் நம் பள்ளிக்கூடங்கள் முகாம் ஆயின, நம் பிள்ளைகள் பிணம் தூக்கினார்கள். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அடுத்த வருடத்திலிருந்து டிசம்பர் 26 அன்று குப்பங்களில் கடலில் பால் ஊற்றி அழுகிறார்கள். நாம் அன்றைக்கு நடுராத்திரிப் பூசையின் களைப்பில் பிரியாணி மிச்சத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

டிசம்பர் 26 திருச்சபை நாள்காட்டியில் புனித ஸ்தேவான் திருநாள். முதல் மறைசாட்சி. தன்னைக் கல்லால் அடித்தவர்கள் மேல் இந்தப் பாவத்தைச் சுமத்த வேண்டாம் என்று மன்றாடியபடியே செத்தவர். தன் விசுவாசத்தை ஏற்காதவர்களுக்காக ஜெபிப்பதற்குத் திருச்சபையில் அவரை விடப் பெரிய முன்மாதிரி ஆண்டவர் ஒருவரே. அந்த நாளே கடற்கரையின் துக்க நாளாகவும் ஆகிவிட்டது. இரண்டையும் சேர்த்து ஒரு மன்றாட்டு எழுத நமக்கு இத்தனை ஆண்டுகளில் கை வரவில்லை.

கடற்கரைச் சபைகள் யோனாவின் கதையை ஞாயிறு பள்ளியில் மீன் படம் வரைந்து சொல்லிக் கொடுக்கின்றன. மீனுக்கு முன்னால் நடந்ததைச் சொல்வதில்லை. புயலில் ஒவ்வொரு கப்பல்காரனும் அவனவன் சாமியைக் கூப்பிடுகிறான். உண்மைக் கடவுளைத் தெரிந்த ஒரே ஆள் கீழ்த்தளத்தில் தூங்குகிறான். கப்பல் தலைவன் வந்து உலுப்பி, எழுந்து உன் கடவுளையும் கேள் என்கிறான். அந்தக் கப்பல்காரர்களோ, புயலுக்குக் காரணம் இவன்தான் என்று தெரிந்த பிறகும் இவனைக் கடலில் போட மனம் வராமல், கரை சேரத் துடுப்புப் போட்டுப் பார்க்கிறார்கள். வேற்றுச் சாமி கும்பிட்டவர்கள் தீர்க்கதரிசிக்காகப் பாடுபட்டார்கள், தீர்க்கதரிசி அவர்களுக்காக ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. கடைசி அதிகாரத்திலும் இதே வழக்குத்தான்: வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியாத 1,20,000 பேருக்காக இரங்காமல் ஒரு செடிக்காக வருந்துகிறாயே என்று கடவுள் கேட்டதோடு புத்தகம் முடிகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதப்படவில்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கோவளத்துக் கார்மேல் மாதா கோயிலிலும் அச்சிறுபாக்கம் மழை மலை மாதா குன்றிலும் மெழுகுவத்தி ஏற்றுபவர்களில் நம்மவர் அல்லாதவர்கள் எத்தனையோ பேர். மழை மலை என்ற பெயரையே வறட்சியில் மழை வேண்டிச் செய்த ஜெபத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள். மழையும் வீட்டு எண் பார்த்துப் பெய்யாது. அவர்கள் நம் மாதாவின் முன் சீட்டு எழுதிப் போடுகிறார்கள். பிள்ளை வரம், மகனின் குடி, கடன், வழக்கு. அவர்களுடைய தேவை என்ன என்று தேடி அலைய வேண்டிய அவசியம்கூட நமக்கு இல்லை. எழுதியே கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டுகளை ஒன்றாகக் கட்டி எரித்துவிட்டு, காணிக்கையை எண்ணி வங்கியில் போடுகிறோம்.

இனி அந்த ஏழாம் மன்றாட்டின் பிற்பாதி. முதல் பாதியில் கிறிஸ்துவை அறிக்கையிடாதவர்கள் நேர்மையான உள்ளத்தோடு நடந்து உண்மையைக் காண வேண்டும் என்று கேட்கிறோம். பிற்பாதி நமக்கானது: நாம் ஒருவரையொருவர் அன்பு செய்வதில் வளர்ந்து உலகுக்கு இன்னும் நல்ல சாட்சிகளாக வேண்டும் என்று அந்த ஜெபம் கேட்கிறது. அயலாருக்கான ஜெபத்தில் பாதியை எதற்கு நம் தலையில் ஏற்றி வைத்தார்கள் என்று யோசித்ததுண்டா? கல்லறையில் சாதிக்கொரு பக்கம் வைத்திருக்கிற சபை நாம். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித்துகளைப் பிரிக்கக் கட்டிய சுவரை ஊரறியும். 2008 மார்ச் 9 அன்று எறையூரில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே நடந்த சாதிச் சண்டை துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்து இரண்டு உயிர் போயிற்று. இங்கே வடக்கில் நாம் மேல் என்று யாரும் மார் தட்ட வேண்டாம். தேர் எந்தத் தெருவுக்குள் போகும், எந்தத் தெருவுக்குள் போகாது என்பது நம் ஊர்களிலும் எல்லாருக்கும் தெரியும். இந்தப் பாதி நிறைவேறாமல் அந்தப் பாதி நிறைவேற வேண்டும் என்று நாம் மண்டியிடுவது எதிரே நிற்பவருக்குச் சிரிப்பு வரவழைக்கும். மாமல்லபுரத்துச் சிற்பியும் வெண்புருஷம் குப்பத்து மீனவரும் நம்மைப் பற்றி அறியாதவர்களா?

2000-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று உரோமையில் இரண்டாம் யோவான் பவுல் திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். யூதருக்கு எதிரான பாவங்கள், பிற மக்களின் பண்பாட்டையும் சமயத்தையும் மதிக்காத பாவங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. அதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பெருமைப்பட்டோம். நம் பட்டியலை எழுதவில்லை. செங்கல்பட்டுக் கடற்கரைக்கென்று எழுதினால் அதில் பெரிய கொடுமைகள் இருக்காது. பார்க்காமல் போனது, கேட்காமல் விட்டது, பெயர் தெரிந்துகொள்ளாதது, எரித்த சீட்டுகள்: இவைதான் இருக்கும். செய்யத் தவறியவை என்று பாவசங்கீர்த்தனத்தில் ஒரு இனம் இருக்கிறது. நாம் அதை அவசரமாகச் சொல்லி முடிக்கிறோம்.

பங்குத்தந்தையர், ஆயர்கள், அன்பியப் பொறுப்பாளர்கள், ஜெபக்குழு நடத்தும் அக்காமார் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். வரும் டிசம்பர் 26 அன்று காலைப் பூசைக்கு முன்பே பக்கத்துக் குப்பத்து நாட்டாரிடம் போய் அவர்கள் இழந்தவர்களின் பெயர்களைக் கேளுங்கள். கொடுத்தால் பீடத்தில் வாசியுங்கள், கொடுக்க விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாமல் திரும்புங்கள். மாதா கோயில் சீட்டுகளை எரிக்கும் முன் ஞாயிறு மன்றாட்டில், பெயரை மட்டும் விட்டுவிட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அக்டோபர் 10-ஐ நாள்காட்டியில் குறித்துவையுங்கள். மாசிப் பௌர்ணமிக்குக் கைப்பிரதிகளை வீட்டில் வைத்துவிட்டு, அந்த இரவில் மணலில் தங்கும் பெண்களுக்குக் குடிதண்ணீரும் கழிப்பறையும் இருக்கிறதா என்று ஊர் நிர்வாகத்திடம் ஒரு மாதம் முன்பே மனுக் கொடுங்கள். சாதிச் சான்றிதழ் கிடைக்காத பிள்ளைகளுக்கு நம் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதித் தர ஆள் இருக்கிறது. தவக்கால அட்டவணை அச்சுக்குப் போவதற்குள் பௌர்ணமி எந்தத் தேதி என்று பஞ்சாங்கத்தில் பார்த்து, அதையும் அட்டவணையில் போட்டுவிடுங்கள்.